அறுப்பின் பண்டிகைப் பணம்: அரிசிப் பைக்கா, மனு மேசைக்கா?

சேதுக்கரையான்:
ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரக் கமிட்டிக்கு ரெண்டு யோசனை வந்திருக்கு. அறுப்பின் பண்டிகையில காணிக்கைப் பொருளை ஏலம் விட்ட பணம் சுமாரா 1 லட்சம் இருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகுக் கூலிக் குடும்பங்களுக்கு அரிசிப் பை கொடுக்கணும்னு ஒரு பக்கம். வாரம் ஒருநாள் மனு எழுதித் தர ஒரு மேசை போடணும்னு இன்னொரு பக்கம். நான் மேசைப் பக்கம். 10 கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் சேர்ந்தா ஒரு பை 850 ரூபாய்க்கு வரும். லட்சத்துக்கு 117 பை. ரேஷன்ல அரிசி இலவசம், பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அதே மூணு சாமானத்தக் கடை விலைக்கு வாங்கி அதே வீட்டுக்குக் கொடுக்கிறதுக்கா பண்டிகை வச்சோம்?

பாய்மரம்:
கணக்கு சரிதாண்ணே, வயிறு கணக்குப் பாக்காதே. அரசு ஒரு குடும்பத்துக்குத் தர்ற தடைக்கால நிவாரணம் 8,000. அதை 61 நாளைக்குப் பிரிச்சா நாளுக்கு 131 ரூபாய். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது, நோட்டு, சீருடை, கேஸ் எல்லாம் அதுக்குள்ளதான். அரிசி ஒத்துவரலைன்னா கேஸ் சிலிண்டருக்குக் கொடுங்க. ஆனா மனு எழுதினா இன்னைக்கு ராத்திரி அடுப்பு எரியுமா? சபைப் போதகர் ஐயரத் தேடி வர்றவங்க ஆறுதலுக்கு வர்றாங்க. கோயில் வாசல தாலுகா ஆபீஸ் வாசலா ஆக்காதீங்க.

கஞ்சிப்பாசி:
அந்த 8,000மே வராத வீடுகளைப் பத்தி யாரும் வாயத் திறக்கலையே. வராததுக்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் சின்னது.

பணம் ஆதார் எண்ணைப் பிடிச்சுப் போனா, கடைசியா ஆதார் இணைச்ச கணக்குலதான் விழும். குழுக் கடனுக்காக வேற வங்கியில புதுக் கணக்கு தொடங்கி ஆதார் கொடுத்திருப்பாங்க, பணம் அங்க கிடக்கும், இவங்க பழைய பாஸ்புக்க நீட்டிக்கிட்டு நிப்பாங்க. ரெண்டு வருசம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிப் போயிருக்கும், அதுக்குக் கிளையில அடையாளச் சான்று கொடுத்துத் திரும்ப உயிர் கொடுக்கணும். கல்யாணம் ஆகித் தனிக் குடித்தனம் போயும் மாமியார் ரேஷன் கார்டுலயே பேர் இருந்தா, ரெண்டு அடுப்புக்கு ஒரே நிவாரணம்தான். கார்டப் பிரிக்க ஒரு மனு போட்டா அடுத்த வருசத்துக்காவது ஆகும்.

கடல்பாசி எடுக்கிற பொம்பளைங்க விரலப் பாத்திருக்கீங்களா? மரிக்கொழுந்துப் பாசி பாறையோட பாறையா ஒட்டியிருக்கும். விரல்ல துணியச் சுத்தி, மூச்சடக்கி முங்கிப் பிய்க்கணும். துணி நழுவினா பாறை அரிச்சிடும், ரேகையே இருக்காது. ரேஷன் கடை மிசின்ல நாலு தடவை வச்சாலும் ஏத்துக்காது. கருவிழி வச்சுப் பாருன்னு கேக்கணும்னு சொல்லித் தர ஆள் இல்லாம வெறும் பையோட திரும்புறாங்க. மேசைங்கிறது இதுக்குத்தான்.

பாய்மரம்:
அக்கா, அது ஒத்துக்கிறேன். ஆனா மேசையில உட்கார்றது யாரு? வாலிபர் சங்கப் பிள்ளைங்க மூணு வாரம் வரும், நாலாவது வாரம் கிரிக்கெட்டுக்குப் போயிரும். அதுக்குப் பதிலா பாசி வளர்க்க மிதவை கட்டிக் கொடுப்போமே, வருமானமாவது நிக்கும்.

கஞ்சிப்பாசி:
மிதவை நல்லதுதான், மேசைக்கு மாத்து இல்ல. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, விதைப்பாசி 60 கிலோ. 45 நாள்ல 240 கிலோ கிடைச்சா நல்ல அறுவடை. அடுத்த நடவுக்கு 60 கிலோ ஒதுக்கினா 180 ஈரப்பாசி. காய வச்சா பத்துல ஒரு பங்கு, 18 கிலோ. ஒரு மிதவையில குடும்பம் நடக்காது. ஓரா மீன் மேயும், அடியில வலை கட்டணும். சித்திரை வைகாசிச் சூட்டுல தண்டு வெளுத்து உதிரும், கார்த்திகைக் காத்துக்கு மூங்கில் கரை ஒதுங்கும். முக்கியமா, மிதவையில வளர்க்கிறது வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவுல பவளப்பாறை மேல படர்ந்தது தெரிஞ்ச சங்கதி. முனைக்காடு மாதிரி வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போடணும், தென்கடல்ல (மன்னார் வளைகுடா) வேணாம். பெண்களுக்கு மத்திய அரசுத் திட்டத்துல 60 சதவீதம் மானியம் உண்டு. அதை வாங்கவும் விண்ணப்பம் எழுத ஆள் வேணும், தம்பி.

சேதுக்கரையான்:
இன்னொன்னு. உலக ஆங்கிலிக்கன் சபைகளோட ஆலோசனை மன்றம் 1984ல திருப்பணியோட அடையாளங்களை வகுத்தப்போ, தேவையுள்ளவனுக்கு அன்பாப் பணிவிடை செய்யிறதத் தனியாவும், அநீதியான அமைப்பை மாத்துறதத் தனியாவும் வச்சாங்க. படைப்பைப் பேணுறது 1990ல சேர்ந்தது. நம்ம ஊர்ல முதல் சொன்னது மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை நடக்குது. மன்னார் வளைகுடாவோட 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கா ஆயிருச்சு. தீவுப் பக்கம் பாசிக்குப் போற பொம்பளைக்கு வனத்துறை வழக்குப் போட்டா, பெண்ங்கிறதாலயே வருமானம் பாக்காம இலவச வக்கீல் கிடைக்கும், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு. சட்ட உதவி எண் 15100க்குப் போன் போட்டாப் போதும். சபையில எத்தனை பேருக்குத் தெரியும்?

பாய்மரம்:
வனத்துறையோட சண்டைக்குச் சபை போனா படைப்பைப் பேணுறது என்ன ஆச்சு? பவளம் யாருது?

கஞ்சிப்பாசி:
சண்டை இல்ல. பாசிப் பொம்பளைங்களே மாசத்துக்கு 12 நாள்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டவங்க, இரும்புச் சுரண்டி வேணாம்னவங்க. அதுக்கு முன்ன நின்ன சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல தீவுச் சூழல் காக்குறவங்களுக்குத் தர்ற சீகாலஜி விருது கிடைச்சது. அவங்களக் கேட்டு எழுதுற மனுவுல பவளமும் இருக்கும்.

பழைய கணக்கர்:
ரெண்டு பக்கமும் விட்டதச் சொல்றேன்.

மேசையக் கோயில் வளாகத்துல போடாதீங்க. அங்கிட்டு முக்காவாசிப் பேர் கத்தோலிக்கர், இஸ்லாமியர், இந்துக்கள். ஜெபத்தோட தொடங்கினா மதம் மாத்துறாங்கன்னு பேச்சு வரும், மனு செத்துரும். மீன் ஏலக்கூடத் திண்ணை போதும். ஆதார் நகல் ஒன்னும் வாங்கி வைக்காதீங்க. பேர், தேதி, மனு எந்த ஆபீசுக்கு, ஒப்புகை எண், அடுத்துப் பாக்க வேண்டிய நாள், இவ்வளவுதான் பதிவேடு. மனு ரெண்டு நகல், ரெண்டாவதுல முத்திரை வாங்காம வரக்கூடாது. திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கொடுத்தது நகரலைன்னா தகவல் உரிமை மனு, 10 ரூபாய் கோர்ட்டு வில்லை, 30 நாள்ல பதில் வரணும். ஆள் நிக்கலங்கிறதுக்கு வழி, ஒருத்தருக்குப் பஸ் காசும் சாப்பாடும் சேத்து நாளுக்கு 400. வருசத்துக்கு 20,800, ஜெராக்சுக்கு 5,000. மீதி 74,000க்கு மேல. அதுல தம்பி சொல்ற கேஸ் சிலிண்டரக் கொடுங்க, நிவாரணம் வராத வீடுன்னு மேசை கண்டுபிடிச்ச வீடுகளுக்கு மட்டும்.

வெளிநாட்டுச் சபை உதவுறேன்னா ஐயரோட சொந்தக் கணக்குல வாங்கவே கூடாது. பதிவு பெற்ற அமைப்புக்கு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாத்தான் வரணும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட 2020 திருத்தத்துக்கு அப்புறம் அதை வேற அமைப்புக்கு மாத்தியும் விட முடியாது.

பாய்மரம்:
அந்த 74,000க்கு நான் சம்மதம். ஆனா மே மாசம் பட்டினின்னு ஒருத்தி வந்து நின்னா, பதிவேட்டுல பேர் இருக்கான்னு பாக்க மாட்டேன்.

பழைய கணக்கர்:
பாக்க வேணாம், ரசீது மட்டும் எழுதுங்க. முதல்ல அந்த 1 லட்சம் நிசமா இருக்கான்னு கேளுங்க. ஏலத்துல தேங்காய 500க்குக் கூவிட்டு, சம்பளம் வந்ததும் தர்றேன்னு போனவங்க பட்டியல் பொருளாளர்கிட்ட இருக்கும். கூவின தொகை வேற, கையில வந்த தொகை வேற.