ஏஸ்–கிங் வைத்திருக்கும்போது எதிராளி ஆல் இன் போட்டால் கால் செய்யலாமா? (உதவி தேவை)

புதுக்கை: வணக்கம். டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் சீட்டாட்டத்தில் என்னிடம் ஏஸும் கிங்கும் இருந்தன. பிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விரிவதற்கு முன்பே எதிராளி ஆல் இன் போட (தன்னிடமிருந்த முழுத் தொகையையும் பந்தயம் வைக்க), நான் கால் செய்து (ஈடான தொகையைப் போட்டு) தோற்றேன். இத்தகைய நேரத்தில் வெல்லும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை மனக்கணக்காகவே அறிய வழி உண்டா? இன்றிரவு மறுபடியும் ஆட இருப்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

நிதானி: இரண்டும் ஒரே சூட்டா (ஹார்ட், ஸ்பேட் போன்ற ஒரே இனமா)? பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) எவ்வளவு இருந்தது, மேற்கொண்டு நீங்கள் எவ்வளவு போட வேண்டியிருந்தது, இது போட்டியா அல்லது காசு மேசையா?

ஹார்ட்ராணி: ஒரே சூட் இல்லாத ஏஸ்–கிங்கை ஆல் இன்னுக்கு எதிராக நான் தொடவே மாட்டேன். பிளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சூட்டாக அமைவது) வாய்ப்புதான் அந்தக் கையின் உயிர்.

பழையசீட்டு: விவரமே தராமல் விழுக்காடு கேட்கும் இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? பிளஷ் பற்றிய நம்பிக்கையும் வீண்தான். குயின் ஜோடிக்கு எதிராக வேறு சூட் ஏஸ்–கிங் ஏறத்தாழ 43 விழுக்காடு வெல்லும். ஒரே சூட் என்றால் 46. அந்த மூன்று புள்ளிக்காகவா இவ்வளவு பேச்சு?

புதுக்கை: மன்னிக்கவும். வேறு வேறு சூட், காசு மேசை, பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயத் தொகை) 50/100. நான் பெரிய பிளைண்ட், அதாவது 100 போட்டவன். எதிராளி 2,000 போட்டார், மற்றவர்கள் விலகினார்கள். அவரிடம் குயின் ஜோடி இருந்தது.

நிதானி: அப்படியானால் பாட்டில் 2,150 இருந்தது, நீங்கள் போட வேண்டியது 1,900. 1,900-ஐ இரண்டும் சேர்ந்த 4,050-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 47 விழுக்காடு வருகிறது. வெல்லும் வாய்ப்பு அதற்குக் குறைந்தால் கால் நட்டமே. ஆனால் அவரிடம் குயின் ஜோடி இருந்தது பிறகுதானே தெரிந்தது? முடிவெடுக்கும்போது அவரிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் எண்ண வேண்டும். ஏஸ் ஒன்றும் கிங் ஒன்றும் உங்களிடம் இருப்பதால் ஏஸ் ஜோடி ஆறு வகையிலிருந்து மூன்றாகக் குறைகிறது, கிங் ஜோடியும் அப்படியே. குயின் ஜோடி ஆறு, இன்னொரு ஏஸ்–கிங் ஒன்பது, ஆக 21. ஏஸ் ஜோடிக்கு எதிராக உங்களுக்கு 7, கிங் ஜோடிக்கு எதிராக 30, குயினுக்கு எதிராக 43, ஏஸ்–கிங்குக்கு எதிராகச் சரிபாதி. எடையிட்டுப் பார்த்தால் சுமார் 39 விழுக்காடுதான். அவர் ஜாக் ஜோடி, பத்து ஜோடி, ஏஸ்–குயின் ஆகியவற்றோடும் துணிபவர் என்றால் அது 49-ஐத் தொடும். அவர் எப்படி ஆடுபவர்?

ஹார்ட்ராணி: ஜோடிக்கு எதிராக இரண்டு பெரிய சீட்டு என்றால் நாணயம் சுண்டுவது போலத்தான் என்று எல்லோருமே சொல்கிறார்களே.

பழையசீட்டு: 57-க்கு 43 விழும் நாணயம் தங்களிடம் இருந்தால், ஜோடியின் பக்கம் பந்தயம் கட்ட நான் தயார்.

ஹார்ட்ராணி: மூன்று புள்ளி அற்பம் என்று சற்றுமுன் எழுதியதும் தாங்கள்தானே? 47 தேவைப்படும் இடத்தில் 46-க்கும் 43-க்கும் உள்ள வேறுபாடு அற்பமா?

பழையசீட்டு: இரண்டுமே 47-க்குக் கீழே. இரண்டிலும் போல்டுதான் (சீட்டைக் கீழே போட்டு விலகுவதுதான்).

நிதானி: மேசைக் கமிஷனைக் கழித்தால் தேவையான விழுக்காடு இன்னும் ஏறும், ஆகவே நான் சொன்ன 49-ம் தாராளமான லாபம் அல்ல. புதுக்கை, எதிராளியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே?

புதுக்கை: இரண்டு மணி நேரத்தில் அவர் ஆல் இன் போட்டது அந்த ஒருமுறைதான். புரிந்துவிட்டது, நன்றி.