வேலையோடு தாதியர் பட்டம்: காசு கட்ட முன்னம் ரோஸ்டரை எடுத்துப் பாருங்கோ

வேலையோடு பட்டம் படிக்க விரும்புகிற தாதியருக்கு, வடக்கு வைத்தியசாலைகளில் வேலை செய்கிற தாதியர் நாங்கள் ஆளுக்கொரு விசயம் சொல்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது சொல்கிறவரின் இடம்.

கிளிநொச்சி, மருத்துவ விடுதி

டிப்ளோமா முடித்து நியமனம் பெற்று வருகிற தங்கச்சிமார் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “அக்கா, ஒன்லைனில எந்த டிகிரி நல்லது?” அதற்குப் பதில் சொல்ல முன்னம், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உங்கள் கையில் மிஞ்சுகிறது என்று தெரிய வேணும். பாதியில் விட்டவர்களில் பலர் பாடம் கஷ்டம் என்று விடவில்லை. நேரம் போதாமல்தான் விட்டார்கள்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, வாசிப்பு, அசைன்மென்ற், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிற். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிற். வருடத்துக்கு 30 கிரெடிற் எடுத்தால் 1500 மணித்தியாலம், அதாவது கிழமைக்கு ஏறத்தாழ 29. வருடத்துக்கு 20 எடுத்தால் கிழமைக்கு 19.

இனிக் கடந்த இரண்டு மாத ரோஸ்டரை (டியூட்டி அட்டவணையை) எடுத்து வையுங்கோ. காலை 7–1, பின்னேரம் 1–7, இரவு 7–7. இரவு டியூட்டிக்கும் அது முடிந்த பகலுக்கும் பூச்சியம் போடுங்கோ. அந்தப் பகல் ஓவ் என்று ரோஸ்டரில் இருந்தாலும் அது நித்திரைக்குரியது. அன்றைக்குப் படித்தால் ஒரு பந்தியை மூன்று தரம் வாசிக்க வேண்டி வரும். ஓவர்ரைம், பஸ் நேரம், வீட்டு வேலை எல்லாம் கழித்து மிஞ்சுவதை எழுதுங்கோ. 12, 13 மணித்தியாலம்தான் வருகிறதென்றால் வருடத்துக்கு 30 கிரெடிற் கேட்கிற கோர்ஸில் சேராதேங்கோ. பாடங்களைப் பிரித்து எடுக்க விடுகிற இடமாகத் தேடுங்கோ.

வவுனியா, தீவிர சிகிச்சைப் பிரிவு

அக்கா சொன்ன கணக்கோட இன்னொண்டு. எல்லா நாட்டுக் கிரெடிற்றும் ஒண்டில்லை. பிரித்தானியாவில ஒரு கிரெடிற் 10 மணித்தியாலம். அங்க 120 கிரெடிற் ரொப்-அப் (டிப்ளோமாவைப் பட்டமாக்கிற கடைசிக் கட்டப் படிப்பு) எண்டால் 1200 மணித்தியாலம், முழுநேரமாப் படிக்கிற ஆளுக்கு ஒரு வருசம். இலங்கையின்ர 120 கிரெடிற் 6000 மணித்தியாலம். விளம்பரத்தில ரெண்டும் “120” எண்டுதான் இருக்கும், ஏமாறாதேங்கோ.

கூகிளில தேடினா முதல் பக்கம் முழுக்க அமெரிக்காவின்ர ஆர்.என்.–பி.எஸ்.என். கோர்ஸ்தான் (பதிவுத் தாதி பட்டதாரியாகிற கோர்ஸ்) வரும். அதுக்கு அமெரிக்க மாநிலமொண்டின்ர நடப்பு ஆர்.என். லைசன்ஸ் வேணும். அந்த லைசன்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை எழுதாமல் அந்தக் கதவு திறக்காது, அதில நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அதேபோல பிரித்தானிய ரொப்-அப் முடிச்சால் அங்க நேரா வேலைக்குப் போகலாம் எண்டு முகவர்மார் சொல்லுவினம். பதிவு வேற, பட்டம் வேற. அங்கத்தைத் தாதியர் பேரவைக்கு கணினிப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் எழுத வேணும். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். எண்டால் எழுத்தில 6.5, மற்ற மூண்டிலயும் 7. பட்டம் இருந்தாலும் இதில ஒண்டும் குறையாது.

அங்கீகாரத்தை இப்பிடிப் பாருங்கோ. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் எண்டால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் வர்த்தமானி இருக்க வேணும். அனுமதி குறிப்பிட்ட பட்டத்துக்குத்தான் குடுக்கிறது. நிறுவனத்தின்ர பேர் இருந்தாப் போதாது, நீங்கள் படிக்கப் போற தாதியர் பட்டத்தின்ர பேரும் அதில இருக்க வேணும். வர்த்தமானி இலக்கத்தைக் கேளுங்கோ. “பிறகு வட்ஸ்அப்பில அனுப்புறம்” எண்டு இழுத்தால் காசைக் கட்டாதேங்கோ. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எண்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கடதாசியில வாங்கி வையுங்கோ. அதோட, காசை பவுணில கட்டுறதோ ரூபாயில கட்டுறதோ எண்டு பாருங்கோ. 2022இல ஒரு டொலர் சில கிழமைக்குள்ள 200 ரூபாயிலயிருந்து 350ஐத் தாண்டினது. அந்த வருசம் தவணை முறையில கட்டினவைக்கு மிச்சத் தவணை எல்லாம் அந்தளவுக்கு ஏறிச்சுது.

எங்கட பக்கத்து ஆக்களுக்கு முதல்ல பார்க்கச் சொல்லுறது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின்ர தாதியர் பட்டம். வேலை செய்யிற பதிவுத் தாதியருக்கெண்டே உண்டாக்கினது. யாழ்ப்பாணத்தில பிராந்திய நிலையம் இருக்கு. முழுக்க ஒன்லைன் எண்டு நினைச்சுச் சேராதேங்கோ, தினப்பாடசாலை (நிலையத்தில நடக்கிற நேரடி வகுப்பு), செய்முறை, பரீட்சை எண்டு நேர போற நாளும் இருக்கு. தொடர் மதிப்பீட்டில தகுதி எடுக்காட்டில் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விடாயினம்.

மல்லாவி

ஆவணம் பற்றிச் சுருக்கமாக. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, தாதியர் பேரவைப் பதிவில் கலியாணத்துக்குப் பிறகான பெயர்: வன்னியில் இது கன பேருக்கு உண்டு. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்த பிறகே விண்ணப்பியுங்கோ. இடப்பெயர்வில் சேர்ட்டிபிகேற் தொலைந்தவர்கள் சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடமும் பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்திலும் திரும்ப எடுக்கலாம். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெறும் டிப்ளோமாச் சான்றிதழ் போதாது. பாடவாரியான மணித்தியால விபரமும் கேட்டு வாங்குங்கோ. முன்னைய படிப்புக்குக் கிரெடிற் விலக்குக் கேட்டால் அதைத்தான் பார்ப்பார்கள்.

முல்லைத்தீவு

துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்பக்கம் இருக்கிற ஆக்கள் சேர முதல் வகுப்பு நடக்கிற அதே நேரத்தில், அதே அறையில் இருந்து சிக்னலைப் பாருங்கோ. பகலில் நல்லா இருக்கிற இணைப்பு இரவு 8 மணிக்குத் தவழும். வீடியோவோடு சூம் வகுப்பு மணித்தியாலத்துக்கு ஒரு ஜீ.பி. அளவு தின்னும். கமராவை நிற்பாட்டி மற்றவர்களின் வீடியோவையும் மறைத்தால் பல மடங்கு குறையும். ஸ்லைட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கோ.

பிரித்தானிய வகுப்பு பின்னேரம் 6 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 11.30, கோடையில் 10.30. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது ஒப்படைக்கிற நேரமும் நகரும். அந்தக் கிழமையில் பிந்திப் போன அசைன்மென்ற் கனக்க.

ஒப்படைப்பைக் கடைசி நாளுக்கு விடாதேங்கோ. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்குக் கரண்டும் போகும், ரவரும் போகும். 48 மணித்தியாலம் முன்னம் ஏற்றி, ஏற்றியதற்கான ரசீதுப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ. கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்தும் பாருங்கோ. வெறும் கோப்பு, பழைய வரைவு, கைபேசியில் எழுத்துரு குழம்பிய கோப்பு எல்லாம் போயிருக்கிறது.

மன்னார்

எனக்கு இதிலேதான் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நல்ல தாதியர் புள்ளி இழக்கிற இடம் அசைன்மென்ற்தான். விடுதியில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையை ஆங்கிலத்தில் எழுதும்போது கை நடுங்குகிறது. அந்தப் பயத்தில் கட்டுரையைத் திறந்து வைத்து வசனத்துக்கு வசனம் சொல்லை மாற்றுகிறார்கள். எழுத்துத் திருட்டைப் பிடிக்கிற ரேர்னிற்றின் மென்பொருள் அதை ஒத்த எழுத்தென்று காட்டும், காட்டாவிட்டாலும் விரிவுரையாளருக்குத் தெரியும். வழி இதுதான்: ஒரு பந்தியை வாசியுங்கோ. கட்டுரையை மூடுங்கோ. பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்வது மாதிரி அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கோ. பிறகு சின்னச் சின்ன ஆங்கில வசனமாக எழுதுங்கோ. தமிழில் சொல்ல வராவிட்டால் அந்தப் பந்தி இன்னும் விளங்கவில்லை. திரும்ப வாசியுங்கோ.

சட்ஜிபிரியிடம் உசாத்துணை கேட்காதேங்கோ. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், வருடம், பக்கம் எல்லாம் வைத்துத் தரும். ஒவ்வொரு டி.ஓ.ஐ. இலக்கத்தையும் (இணையத்தில் கட்டுரைக்குரிய நிரந்தர இலக்கம்) போட்டுக் கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கோ. பப்மெட் சென்ட்ரலிலும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனிலும் முழுக் கட்டுரை காசில்லாமல் கிடைக்கும்.

கோட்பாட்டு அசைன்மென்றில் நடக்கிற பிழை வேறு. சுயபராமரிப்புக் கோட்பாட்டை எழுதிய தாதி ஓரெம் யார், எங்கே பிறந்தார் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, நோயாளிக்கு ஐந்து வரி. மாறி இருக்க வேணும். வவுனியாப் பக்கத்து விவசாயி, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய், வீக்கம், நீர் கட்டுப்பாடு என்று எடுத்தால், ஓரெம் சொன்ன எட்டுப் பொதுச் சுயபராமரிப்புத் தேவைகளில் நீர், உணவு, கழிவகற்றல், வேலையும் ஓய்வும் என்ற நாலை ஆழமாகப் பிடியுங்கோ. வெயிலில் வயலில் நிற்கிற மனிசன் நாளைக்கு இவ்வளவு மில்லிலீற்றர் என்பதை எதால் அளப்பார்? வீட்டுப் போத்தலில் கோடு போட்டுக் காட்டுவதை எழுதுங்கோ. அதைத் தாதிதான் எழுத முடியும்.

பி.எச்.ரி.யை (நோயாளியின் கட்டில் தலைமாட்டுப் பதிவேட்டை) படம் எடுத்து இணைக்காதேங்கோ. பெயர், இலக்கம் மறைத்தாலும் ஊர், திகதி, நோய் மூன்றும் சேர்ந்தால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செட்டிகுளம்

ஆய்வு பற்றி. ஒழுங்கு இது: முன்மொழிவு, வழிகாட்டியின் கையெழுத்து, ஒழுக்கநெறிக் குழு, வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி, அதன் பிறகுதான் தரவு. ஒழுக்கநெறிக் கடிதம் வர முன்னம் சேர்த்த வினாக்கொத்து பயன்படாது, திகதியைப் பார்ப்பார்கள். குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும் என்று வைத்தே மாதக் கணக்கைப் போடுங்கோ.

மாதிரி அளவை 384 என்று கண்ணை மூடி எழுதுகிறார்கள். அது பெரிய சனத்தொகைக்கு. உங்கள் வைத்தியசாலையில் 120 தாதியர்தான் என்றால் திருத்தச் சூத்திரத்தில் 384ஐ 4.19ஆல் (1 + 383/120) பிரிக்க 92 வரும். பத்து வீதம் பதில் தராமல் போவார்கள் என்று வைத்தால் 103 பேருக்குக் கொடுக்க வேணும். மற்றவர் செய்த வினாக்கொத்தை எடுத்தால் அவரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கோ. தமிழாக்கியதை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க வேணும். புள்ளிவிபர மென்பொருளான எஸ்.பி.எஸ்.எஸ். வாங்க வசதி இல்லாவிட்டால் ஜமோவி காசில்லாதது, பட்டப்படிப்பு ஆய்வுக்குப் போதும்.

தலைப்பைக் கிட்டத்தில் தேடுங்கோ. பாம்புக்கடிக்கு நாங்கள் செய்கிற 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையே நல்ல தலைப்பு. 2 மில்லிலீற்றர் இரத்தம், புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பது. பிளாஸ்ரிக் குழாயோ சவர்க்காரம் ஒட்டிய குழாயோ எடுத்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும், தேவையில்லாமல் விஷமுறி ஏறும். இந்தப் படிகளைச் சரிபார்ப்புப் பட்டியலாக்கினால் உங்கள் கருவி பாதி தயார்.

கிளிநொச்சி, மருத்துவ விடுதி

சிறுநீரக நோயாளியின் போத்தலில் கோடு போடுகிற விசயத்தை நல்லாச் சொன்னீங்கள் மன்னார் அக்கா. பரீட்சைத் திகதி வந்த அன்றே ரோஸ்டர் போடுகிற சிஸ்டரிடம் எழுத்தில் கொடுங்கோ, ரோஸ்டர் ஒட்டிய பிறகு மாறு கேட்பது மற்றவரின் ஓவைப் பறிப்பது. முடித்த பிறகு பட்டச் சான்றிதழோடு பெறுபேற்று விபரத்தில் மூன்று நாலு முத்திரையிட்ட பிரதி எடுத்து வையுங்கோ. ஒன்றைப் பணிப்பாளர் ஊடாக உங்கள் சுயவிபரக் கோவைக்கு அனுப்பி, கிடைத்ததென்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கோ.