நாள்பட்ட இடுப்புவலிக்கு மனக்கவனப் பயிற்சி: தமிழில் வழிகாட்டல் தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு, வேலையை விட்ட பின்னரும் இடுப்புவலி தீரவில்லை. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்த வைத்தியர்கள், அறுவைச் சிகிச்சை செய்யுமளவுக்குப் பாதிப்பு இல்லை என்கிறார்கள். "அப்படியென்றால் நான் பொய்யா சொல்கிறேன்?" என்று அம்மா கேட்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அவர் பொய் சொல்லவில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பின்னரும் முள்ளந்தண்டு வடமும் மூளையும் மிகையுணர்வு நிலையிலேயே இருந்து, சாதாரண அசைவையும் ஆபத்தாகக் கருதி வலியைப் பெருக்கக்கூடும். அச்சமும் தூக்கமின்மையும் அதை இன்னும் கூட்டுகின்றன. அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் கபாட்-சின் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பயிற்சி இங்கேதான் உதவுகிறது. வலியை எதிர்த்துப் போராடாமல், மூச்சையும் உடலின் ஒவ்வொரு பகுதியையும் நிதானமாகக் கவனிக்கப் பழக்கும் முறை அது. 342 பேர் பங்கேற்று 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இப்பயிற்சியும் பெற்றவர்களில் கூடுதலானோர் முன்னேற்றம் கண்டனர். வலி முற்றாக மறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மருந்தையும் நிறுத்தப் போவதில்லை.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே எளிய தமிழில், படுத்தபடியே கேட்டுச் செய்யக்கூடிய ஒலிப்பதிவு எவரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். நுவரெலியா, கண்டி, பதுளைப் பகுதிகளில் இதைத் தமிழில் கற்பிக்கும் உளவளத்துணையாளரையோ இயன்மருத்துவரையோ அறிந்தவர்களும், தம் வீட்டில் இம்முறையைக் கையாண்டவர்களும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.