அடித்தவருக்காக ஜெபிக்க வாய் வரவில்லை: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

எனக்கு வயது 38. அப்பா இறந்தபின் ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வரை பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். பெல்ட்டால் அடிப்பார். அடித்து முடித்ததும் அதே கையால் வேதாகமத்தை எடுத்துக் குடும்ப ஜெபம் நடத்துவார். இப்போது பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். "வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போம்மா" என்று சித்தி போன மாதத்திலிருந்து போன் செய்கிறார்.

உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 5:44 மனப்பாடம். ஆனால் ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் தொண்டை அடைத்துவிடுகிறது. நான் நிறுத்திவிடுவேன், சபை தொடர்ந்து சொல்லிக்கொண்டு போகும்.

லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாற்பது நாளும் அவர் பெயரை நோட்டில் எழுதி ஜெபிக்கப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாளோடு சரி. சபைப் போதகரான ஐயரிடம் போனேன், "மறந்துவிடு" என்றார். (மறக்க முடிந்தால் ஏன் அவரிடம் போகிறேன்?) எட்டு மாதம் கவுன்சிலிங், அதில் தூக்கம் திரும்பியது, ஜெபம் திரும்பவில்லை. கொஞ்சமாவது உதவியது 55-ம் சங்கீதம்தான், சத்துரு அல்ல, கூடவே இருந்தவன் செய்தான் என்று தாவீது புலம்புவது. அப்புறம், கன்னானாகிய அலெக்சந்தர் தனக்குத் தீமை செய்தான் என்று பவுலும் தீமோத்தேயுவுக்கு வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆகவே நடந்ததைச் சொல்வது பாவமில்லை என்பதில் எனக்குத் தெளிவு உண்டு.

அவரை நேரில் பார்க்கப் போவதில்லை, அது முடிவு.

இப்படி அடிபட்டு வளர்ந்தவர்கள், அடித்தவருக்காக முதன்முதலில் எந்த வார்த்தைகளில் ஜெபித்தீர்கள்?