குவாட் பைக் கல் மாதிரி இருக்கிறது, குறைந்த செலவில் சஸ்பென்ஷனை மென்மையாக்க வழி உண்டா? சனிக்கிழமைக்குள் வேண்டும்

கோம்பாக்_ஓட்டி | ஞாயிறு, மாலை 6:48

வணக்கம். போன மாதம் பழைய குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஒன்று வாங்கினேன். இன்று கெமன்சா பக்கம் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. சின்னக் கல், மர வேர், எதன் மேல் ஏறினாலும் அடி நேராக முதுகுத்தண்டில் இறங்குகிறது. புது ஷாக் அப்சார்பர் விலை கேட்டேன், எல்லாம் மாற்றினால் பைக் வாங்கிய விலையில் பாதி வருகிறது. என்னிடம் 300 மலேசிய வெள்ளிதான் இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் மாற்றலாமா, ஷாக்கில் ஆயில் மாற்றலாமா, வேறு என்ன செய்யலாம்? வருகிற சனிக்கிழமை நண்பர்களோடு மறுபடியும் போகிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்மண்தடம் | ஞாயிறு, மாலை 7:05

என்ன பைக்? எத்தனை சிசி? பின்னால் ஒரு ஷாக்கா, இரண்டா? உங்கள் எடை எவ்வளவு? டயரில் காற்று எவ்வளவு? இந்த ஐந்தும் தெரியாமல் யார் சொன்னாலும் குருட்டுக் கல்தான் எறிவார்கள்.

கப்சாய்காரன் | ஞாயிறு, மாலை 7:11

கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) பின் ஷாக் ஒரு ஜோடி வாங்கி முன்னால் போட்டுவிடுங்கள் தம்பி. பழைய சாமான் கடையில் 80 வெள்ளிக்குக் கிடைக்கும். நீளமும் போல்ட் ஓட்டையும் ஒத்து வந்தால் அரை நாள் வேலை. கப்சாய் ஷாக் சின்ன வண்டிக்குச் செய்தது, அதனால் மென்மையாக இருக்கும். என் மச்சான் பைக்கில் நானே மாட்டினேன்.

பெரியஸ்பேனர் | ஞாயிறு, இரவு 7:34

இங்கே மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், ஒருவரும் மாடல் பெயர் போடுவதில்லை, ஒருவரும் படம் போடுவதில்லை. ஸ்பிரிங் வேறு, டாம்பர் வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், உள்ளே இருக்கும் ஆயில் அதன் ஆட்டத்தை அடக்கும். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் ‘ஆயில் மாற்றலாமா’ என்று கேட்பதில் பொருள் இல்லை. அதுவும் மலிவு பைக்கில் வரும் ஷாக் பெரும்பாலும் மூடி முத்திரை வைத்தது, பிரிக்கவே முடியாது.

தோட்டத்துப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8:02

கோபப்படாதீர்கள் அண்ணே, பையன் வலியோடு எழுதியிருக்கிறான். தம்பி, எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஒரு போமென் (மெக்கானிக்) இருந்தார், ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிடுவார். ஸ்பிரிங் குட்டையானதும் வண்டி தாழ்ந்து உட்காரும், குலுக்கல் குறையும். செலவே இல்லை.

அளவுநாடா | ஞாயிறு, இரவு 8:40

தயவு செய்து வெட்டாதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டினால் அது இன்னும் கடினமாகும், மென்மையாகாது. வேலை செய்கிற சுற்றுகள் 10 இருந்த ஸ்பிரிங்கில் 2 வெட்டினால் மீதி 8. அதே கம்பி, அதே விட்டம், ஆனால் ஒரு மில்லிமீட்டர் அமுக்க முன்பைவிடக் கால் பங்கு அதிக பலம் வேண்டும். வண்டி தாழ்ந்து போவதைப் பார்த்து மென்மை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அமுங்குவதற்கு இருந்த இடமும் குறைந்துவிடுகிறது, பெரிய பள்ளத்தில் இரும்போடு இரும்பு மோதும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

வேறு ஸ்பிரிங் தேடுகிறவர்கள் கம்பியின் தடிப்பை முதலில் பாருங்கள். 9 மில்லிமீட்டர் கம்பிக்கும் 10 மில்லிமீட்டர் கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மற்ற எல்லா அளவும் ஒன்றாக இருந்தாலும் 10 மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கடினம்.

கப்சாய்காரனுக்கும் ஒன்று. நீளமும் ஓட்டையும் ஒத்து வந்தால் போதாது. குவாட் பைக்கில் முன் ஷாக், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கிற ஏ-ஆர்மின் நடுப்பகுதியில் எங்கோ மாட்டியிருக்கும், சக்கரம் நகர்வதில் ஒரு பங்குதான் ஷாக் நகரும். சரியாகப் பாதித் தூரத்தில் மாட்டியிருந்தால், சக்கரத்தில் உணர்கிற கடினம் ஸ்பிரிங்கின் கடினத்தில் கால் பங்குதான். சின்ன வண்டிக்குச் செய்த கப்சாய் ஸ்பிரிங்கை அங்கே போட்டால் முன்பக்கம் தொபுக்கென்று உட்கார்ந்துவிடலாம். அப்புறம் கப்சாயில் ஷாக் ஏறக்குறைய நேராக நிற்கும், இங்கே சாய்ந்து படுத்திருக்கும். மலிவான ஷாக் அதிகம் சாய்ந்தால் உள்ளே ஆயிலோடு காற்று கலந்து அடக்கும் சக்தி போய்விடும்.

கப்சாய்காரன் | ஞாயிறு, இரவு 8:52

என் மச்சான் ஒரு வருடமாக ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை.

கோம்பாக்_ஓட்டி | ஞாயிறு, இரவு 10:15

மன்னிக்கவும், குளிக்கப் போய்விட்டேன். 250 சிசி, சீன பைக், பெயர் ஸ்டிக்கர் உரிந்துபோய்விட்டது. முன்னால் 2 ஷாக், பின்னால் 1. என் எடை 58 கிலோ. டயர் எல்லாம் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் நிலையத்தில் காற்று அடித்துவிட்டுத்தான் போனேன்.

செம்மண்தடம் | ஞாயிறு, இரவு 10:19

எவ்வளவு அடித்தீர்கள்?

கோம்பாக்_ஓட்டி | ஞாயிறு, இரவு 10:31

காருக்கு 220 அடிப்போம் இல்லையா, இது சின்ன வண்டி என்பதால் 150 வைத்தேன். அதிகமா?

செம்மண்தடம் | ஞாயிறு, இரவு 10:58

தம்பி, உங்கள் முதுகுவலிக்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும். 150 என்றால் ஏறக்குறைய 22 பிஎஸ்ஐ. குவாட் பைக் டயருக்குப் பொதுவாக 4 முதல் 7 பிஎஸ்ஐதான், அதாவது 30-லிருந்து 50 கிலோபாஸ்கலுக்குள். நீங்கள் மூன்று நான்கு மடங்கு வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்.

டயரில் 22×10-10 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும், பாருங்கள். 22 அங்குல உயரம், கடைசி எண் 10 அங்குல ரிம். அப்படியானால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 6 அங்குல ரப்பரும் காற்றும் இருக்கிறது. கல்லைத் தொடுகிற முதல் ஸ்பிரிங் அதுதான், ஷாக் அதற்கு அடுத்தது. காற்றை அமுக்கி அடைத்துவிட்டால் அந்த 6 அங்குலமும் மரக்கட்டை.

டயரின் பக்கத்தில் பெரிய எண் ஒன்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். டயரை ரிம்மில் ஏற்றி உட்கார வைக்கும்போது தாண்டக்கூடாத அளவு அது, ஓட்டுகிற அளவு இல்லை.

பெட்ரோல் நிலைய இயந்திரம் காருக்குச் செய்தது, இவ்வளவு குறைவான அளவில் அதை நம்ப முடியாது. 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுகிற சின்ன கேஜ் ஒன்று வாங்குங்கள். டயர் சூடாவதற்கு முன் காலையிலேயே பாருங்கள். 5 வைத்து ஆரம்பியுங்கள், இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரொம்பவும் இறக்கிவிட்டால் சரிவில் திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், கல்லில் ரிம் நசுங்கும்.

பெரியஸ்பேனர் | திங்கள், காலை 7:20

இதற்குத்தான் முதலிலேயே விவரம் கேட்பது. அடுத்து யாராவது பின் ஷாக்கில் இருக்கும் படி வளையத்தைத் திருப்பச் சொல்வீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரீலோட், அதாவது அந்த வளையத்தால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவு, குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகும் என்பது தவறான நம்பிக்கை. வளையம் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்.

தோட்டத்துப்பிள்ளை | திங்கள், காலை 9:44

அண்ணே, இதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பைக்கில் 5-ஆம் படியிலிருந்து 1-க்கு இறக்கினேன், அன்றே வித்தியாசம் தெரிந்தது. என் இடுப்பு பொய் சொல்லாது.

பெரியஸ்பேனர் | திங்கள், காலை 10:02

இடுப்பு அளவுகோல் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கம்பியையும் சுற்றையும் பொறுத்தது, வளையத்தைப் பொறுத்தது இல்லை. நான் இந்த வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன்.

தோட்டத்துப்பிள்ளை | திங்கள், காலை 10:09

நான் கணக்கைப் பற்றிப் பேசவில்லை அண்ணே, ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். 1-ல் வலி இல்லை, 5-ல் வலி. இதற்கு என்ன பெயர் வைக்கிறீர்களோ வையுங்கள்.

அளவுநாடா | திங்கள், மதியம் 1:15

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், வேறு வேறு பொருளைப் பற்றி. ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, அது உண்மை. ஆனால் ஒரு ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று வையுங்கள். வளையத்தால் அதை 20 மில்லிமீட்டர் அமுக்கி வைத்திருந்தால் 600 நியூட்டன் ஏறும் வரை ஷாக் அசையவே அசையாது. ஓட்டுகிறவர் கனமானவர் என்றால் அவர் உட்கார்ந்ததுமே அதைத் தாண்டிவிடும், அதற்கு மேல் வளையம் எதில் இருந்தாலும் அடி ஒரே மாதிரிதான். 58 கிலோ ஆள் உட்கார்ந்தால் தாண்டியும் தாண்டாமலும் நிற்கும். வண்டி முழு நீளத்தில் விறைத்து நிற்கிறது, பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமில்லை, அதனால் வண்டியே பள்ளத்துக்குள் விழுந்து மறு கரையில் மோதுகிறது. தோட்டத்துப்பிள்ளையின் இடுப்புக்குத் தெரிந்தது இதுதான்.

கோம்பாக் தம்பி, இதை அளந்தே பார்த்துவிடலாம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே வண்டியின் சட்டத்தில் ஒரு புள்ளி வரை அளந்து எழுதுங்கள். இறக்கி, நீங்கள் உட்கார்ந்து, இன்னொருவரை அதையே அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மொத்தம் நகரக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும், 150 மில்லிமீட்டர் என்றால் 50. உங்களுடையது 10, 15 என்று வந்தால் வளையத்தை இறக்குங்கள். கடைசிப் படிக்கு இறக்கியும் அமுங்கவில்லை என்றால்தான் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம் என்று பொருள், அப்போதுதான் பணம் செலவழிக்க வேண்டும்.

பெரியஸ்பேனர் | திங்கள், மதியம் 2:30

அப்படி என்றால் ‘உயரம் சரியாகிறது’ என்று சொல்லுங்கள், ‘மென்மையாகிறது’ என்று சொல்லாதீர்கள். சொல் தவறினால் அடுத்தவன் தவறான சாமானை வாங்குவான்.

தோட்டத்துப்பிள்ளை | திங்கள், மதியம் 2:41

வலி போனால் எனக்கு அது மென்மைதான்.

மழைமேடு | திங்கள், இரவு 9:10

பிரீலோட் சண்டை நாளைக்கும் இருக்கும், ஒருவரும் புஷ் பற்றிச் சொல்லவில்லையே. கெமன்சா தடம் ஆற்றில் இறங்கி ஏறுகிற தடம். பழைய பைக், சேறு, தண்ணீர். ஏ-ஆர்ம் திரும்புகிற மூட்டில் இருக்கும் புஷ்ஷுக்குள் கிரீஸ் காய்ந்து துரு பிடித்திருந்தால் எத்தனை நல்ல ஷாக் போட்டாலும் ஏ-ஆர்ம் அசையாது. பைக்கைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு ஏ-ஆர்மைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் அதுதான் உங்கள் நோய். பின்னால் அச்சைத் தாங்குகிற ஸ்விங் ஆர்முக்கும் இதே சோதனை. பினாங்கில் கடலோரம் ஓட்டிய பைக் ஒன்றில் ஒரு பக்கம் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தோம்.

கப்சாய்காரன் | திங்கள், இரவு 9:25

ஷாக்கில் கேஸ் வால்வு இருந்தால் கொஞ்சம் வெளியே விட்டால் மென்மையாகுமே?

மழைமேடு | திங்கள், இரவு 9:33

வேண்டாம், தொடவே வேண்டாம். உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும், ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். வெளியே விட்டால் ஷாக் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடும், திரும்ப அடைக்கத் தனிக் கருவி வேண்டும்.

செம்மண்தடம் | செவ்வாய், காலை 8:05

தம்பி, இன்னொரு சந்தேகம். கோம்பாக்கிலிருந்து கெமன்சாவுக்குப் பைக்கை லோரியில் ஏற்றித்தானே போகிறீர்கள்? பொதுச் சாலையில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. அது போக, உங்கள் மாதிரிப் பைக்கில் இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுற்றும், தார்ச் சாலையில் 5 பிஎஸ்ஐ வைத்துத் திரும்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

அளவுநாடா | வியாழன், இரவு 8:18

கோம்பாக் தம்பி, அளந்தீர்களா? எண் போடுங்கள்.

கோம்பாக்_ஓட்டி | சனி, இரவு 9:47

எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்து வரவே நேரமாகிவிட்டது, எழுத முடியவில்லை. லோரியில்தான் ஏற்றிப் போகிறோம் அண்ணே. கேஜ் வாங்கிப் பார்த்தேன், 15-க்கு மேல் போய் முள் நின்றுவிட்டது. நான்கிலும் 5 வைத்தேன். அளவுநாடா அக்கா சொன்ன மாதிரி அளந்ததில் 12 மில்லிமீட்டர் வந்தது, வளையம் 5-ஆம் படியில் இருந்தது, 2-க்கு இறக்கினேன், இப்போது 41. இடது முன் ஏ-ஆர்ம் விட்ட இடத்திலேயே நின்றது, மழைமேடு அண்ணன் சொன்னது அப்படியே. புஷ்ஷைக் கழற்றித் துருவைத் தேய்த்துக் கிரீஸ் போட்டோம். மொத்தச் செலவு 60 வெள்ளிக்குள். இன்று மூன்று மணி நேரம் ஓட்டினேன், வந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

ஆனால் நேரான இடத்தில் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. முன்பும் இழுத்ததா என்று நினைவில்லை.

பெரியஸ்பேனர் | சனி, இரவு 10:03

பைக்கை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்துப் போடுங்கள்.

அளவுநாடா | சனி, இரவு 10:20

41 நல்ல எண். பின் டயர் இரண்டையும் சுற்றி ஒரு கயிறு போட்டுச் சுற்றளவை அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அச்சு என்பதால் ஒரு விரல் அளவு வித்தியாசம் இருந்தாலும் சின்ன டயர் பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்று என்றால் முன் சக்கரங்களுக்கு நடுவே முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அச்சு உயரத்தில் அளந்து, இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.