சொந்தத் தளத்திலிருந்து மாஸ்டடானுக்கு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பல வருடமாக வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் எழுதுகிறேன். பதிவு என் தளத்தில் இருக்கும், பேச்செல்லாம் வேறெங்கோ ஒரு சமூக ஊடகத்தில் நடக்கும். நல்ல நல்ல பதில்கள் மறுவாரமே தேடினாலும் கிடைக்காது. அந்த ஆதங்கத்தில்தான் ஆக்டிவிட்டிபப் பிளகினைப் (துணை மென்பொருள்) போட்டேன். ஆக்டிவிட்டிபப் என்பது வேறு வேறு தளங்கள் தங்களுக்குள் பதிவுகளையும் பதில்களையும் பரிமாறிக்கொள்ளும் பொது நெறிமுறை. மத்தியாஸ் ஃபெஃபர்லே எழுதிய இந்தப் பிளகினை 2023இல் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கிக்கொண்டு அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.

போட்டதும் தளமே ஒரு மாஸ்டடான் கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது. மாஸ்டடான் என்பது ட்விட்டர் போன்ற, ஆனால் பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் சமூக ஊடகம். அங்கே இருப்பவர் என் முகவரியைத் தேடிப் பின்தொடரலாம். புதுப் பதிவு அவருடைய டைம்லைனுக்குப் போகும், அவர் அங்கிருந்தே எழுதும் பதில் என் பதிவின் கீழ் பின்னூட்டமாக வரும். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு நீண்ட பதிவை முழுக்கப் படித்து, ஒரு பத்தியைக் கேள்வி கேட்டு எழுதியிருந்தார். அந்தப் பதில் என் தளத்திலேயே இருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதிதாகப் போடுபவர்களுக்கு ஒன்று. ஒருவர் உங்களைப் பின்தொடரத் தொடங்கியபின் வரும் பதிவுகள்தான் அவருடைய சர்வருக்குப் போகும். அதனால் முதலில் அங்கே உங்கள் பக்கம் காலியாகத்தான் தெரியும். பிளகின் வேலை செய்யவில்லை என்று அழித்துவிடாதீர்கள். அப்புறம், தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே சுட்டியாக்கும். ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறிகளாக விரியும், 200 குறிகளோடு சுட்டி பாதியில் அறுந்துவிடும். வெளியிடும் முன்பே சுட்டியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடுங்கள்.

*

அக்கா, நான் கோஸ்ட் பக்கம். அதுவும் வேர்ட்பிரஸ் மாதிரி ஒரு பதிப்பு மென்பொருள், செய்திமடலும் அனுப்பும். எனக்குச் செய்திமடல்தான் முக்கியம். கோஸ்ட் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கியது, இன்றும் லாப நோக்கில்லாத அமைப்பு, சந்தா பணத்தில் பங்கு கேட்பதில்லை. நம்பிப் போக எனக்கு இது போதும்.

2025இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து ஆக்டிவிட்டிபப் உள்ளேயே இருக்கிறது. ஒரே பதிவு சந்தாதாரரின் மின்னஞ்சலுக்கும் போகிறது, மாஸ்டடானுக்கும் போகிறது. மின்னஞ்சலில் வாசிப்பவர்கள் அமைதியானவர்கள், பதில் எழுதுவது அபூர்வம். மாஸ்டடான்காரர்கள் உடனே பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், பகிர்கிறார்கள். எனக்கு இரண்டு கூட்டமும் வேண்டும்.

சொந்த சர்வரில் நிறுவுபவர்கள் கவனிக்க: மென்பொருள் இலவசம், ஆனால் செய்திமடலை மொத்தமாக அனுப்ப மெயில்கன் என்ற மின்னஞ்சல் அனுப்பும் சேவையில் கணக்கு வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

நான் மூன்றாவது ஆள். இவ்வளவு வசதி தேவையில்லாதவர்களுக்கு ரைட்ஃப்ரீலி என்ற எளிய வலைப்பதிவு மென்பொருள். கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, சின்ன சர்வரிலும் ஓடும். திறந்தால் வெள்ளைப் பக்கம், எழுத வேண்டியதுதான். பதிவு ஃபெடிவெர்ஸுக்கு (மாஸ்டடான் போல ஆக்டிவிட்டிபப் வழியாக இணைந்த தளங்களின் வலைக்கு) போகும், ஆனால் பதில்கள் தளத்தில் வந்து சேராது. கவிதை எழுதும் எனக்கு அதுவே நிம்மதி. உரையாடல் வேண்டுமென்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்றுக்குப் போங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டொமைனை (தளத்தின் இணையப் பெயரை) முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி எங்கேயும் கொண்டுபோகலாம். ஃபெடிவெர்ஸில் பின்தொடர்பவர்கள் உங்கள் முகவரியோடு கட்டப்பட்டவர்கள். டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் அவர்களைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.