சாண எரு மூட்டையில் வந்த புழு: யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மண்டபம் மாடித்தோட்டம்:
மக்கிய சாணம் என்று சொல்லித்தான் இரண்டு மூட்டை கொடுத்தார்கள். நம் கடற்கரை மணலில் எரு போடாமல் எதுவும் நிற்காது என்று உங்களுக்கே தெரியும். தொட்டிக்கு இரண்டு கை அள்ளிப் போட்டேன். ஒரு மாதம் கழித்து கத்தரி பட்டப்பகலில் வாடி நின்றது, தண்ணீர் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மறுநாள் சும்மா பிடித்து இழுத்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. குழிக்குள் பார்த்தால் வெள்ளையாக, தலை மட்டும் காவி நிறத்தில், ஒரு புழு சுருண்டு கிடந்தது. உடம்பின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி, அது தின்ற மண் உள்ளே கருப்பாகத் தெரிந்தது. கத்தரி போனதை மறந்துவிட்டேன், அந்தப் பின்பக்கத்தை மறக்க முடியவில்லை. மொத்தம் பத்துத் தொட்டி. மற்ற ஒன்பதிலும் என்ன இருக்கும் என்ற நினைப்பிலேயே தூக்கம் போகிறது.

உச்சிப்புளி விவசாயி:
அது கொம்பு வண்டுப் புழு. எருக்குழியைக் கிளறினால் கூடை கூடையாக வரும். மக்கிய குப்பையைத்தான் தின்னும், வேரைத் தொடாது. கத்தரி வாடியது தண்ணீர் அதிகமானதால்தான். பயப்படாதீர்கள் அக்கா.

சாயல்குடி பக்கம்:
அண்ணே, வேரே இல்லை என்கிறார், நீங்கள் தண்ணீர் அதிகம் என்கிறீர்கள். புழு எவ்வளவு பெரிசு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கட்டைவிரல் தடிமன் இருந்தால் கொம்பு வண்டு, நீங்கள் சொன்னது சரி. சுண்டுவிரலை விடச் சின்னது, வேரும் இல்லை என்றால் அது பெரும்பாலும் வேர்ப்புழு, வேறு இனம், அதற்கு வேர்தான் சோறு. கோடை மழை பெய்த அன்று சாயங்காலம் வேப்பமரத்தில் பழுப்பு வண்டு மொய்த்து இலையைக் கடிக்குமே, அதன் பிள்ளைதான் இது. எங்கள் கடலைக் கொல்லையில் வரிசையாகச் செடி காய்ந்துகொண்டே போகும், தோண்டினால் அடுத்த செடியின் அடியில் உட்கார்ந்திருக்கும். அப்பா அந்த மழை ராத்திரியில் கையில் விளக்கோடு வேப்பங்கிளையை உலுக்குவார், நாங்கள் கீழே விழுகிற வண்டைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவோம். ஒரு வண்டு என் சட்டைக்குள் போய்விட்டது. இன்றைக்கும் வேப்பமரத்தடியில் நின்றால் முதுகு அரிக்கும்.

பெரியபட்டினம் தோப்பு:
வேரைத் தொடாது, பயப்படாதீர்கள் என்று ஒருவர் சுலபமாக எழுதிவிட்டார். உச்சிப்புளிக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), அந்தக் கொம்பு வண்டுப் புழு வளர்ந்து வண்டானதும் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? நேராகத் தென்னங்குருத்துக்கு. விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே போகும், அப்புறம் மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டிய விசிறி மாதிரி இருக்கும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, அந்தக் காயத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்க மரம் அப்படித்தான் போனது. அடிமரத்தில் ஓட்டை, அதில் காவியாகச் சாறு வடிந்து காய்ந்திருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. உம்மாதான் ஒருநாள் மரத்தில் காதை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானும் வைத்தேன். உள்ளே கரகரவென்று மெல்லுகிற சத்தம். ஒன்றிரண்டு இல்லை, ஒரு பந்தியே நடக்கிறது. பத்து நாளில், புயலும் இல்லை ஒன்றும் இல்லை, சாதாரணக் கச்சான் காற்றுக்கே கொண்டை ஒடிந்து விழுந்தது. உம்மா அந்த மரத்து இளநீரைத்தான் நோன்பு திறக்கக் கேட்பார்.

முண்டு மிளகாய்:
புழு கண்ணுக்காவது தெரிகிறது. எங்கள் மிளகாய்க்கு இலைப்பேன், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி. 2023ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது, இலைப்பேனுக்கு யாரும் சொல்லவில்லை போல. இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் சிலந்திப்பேன். இது தெரியாமல் ஒரு வருஷம் முழுக்கத் தப்பான மருந்து அடித்தேன். செலவைச் சொன்னால் வீட்டில் இப்போதும் சண்டை வரும்.

தொண்டி வாத்தியார்:
எல்லாரும் கதைதான் சொல்கிறீர்கள், வழி சொல்லவில்லை. என் கதை சின்னது, முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பியிருந்தது, பந்தம் கொளுத்திக் காட்டினேன், பாதி என் தோளில் விழுந்து மூன்று நாள் தடிப்பு. அது கிடக்கட்டும். தென்னைக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், நடுக்குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்கில் போடுங்கள். சின்னக் கன்றாக இருந்தால் மூன்று பாச்சா உருண்டையை மணலில் பொதிந்து அதே இடுக்கில் வையுங்கள், 45 நாளைக்கு ஒரு தடவை. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சட்டிகளில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வைத்தால் வண்டு தானே வந்து விழும், நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் திட்டுவார்கள், காதில் வாங்காதீர்கள். எருக்குழிக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சை இருக்கிறது, தண்ணீரில் கலந்து தெளித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் புழு செத்து விறைத்து மேலே பச்சை மாவு பூசியது போல ஆகும். காய்ந்த குழியில் தெளித்தால் தெளித்தது வீண். இரும்புக் கொக்கியால் குருத்திலிருந்து வண்டைக் குத்தி எடுக்கும் பழைய வேலையையும் விடக் கூடாது. பட்டுப்போன மரத்தைத் தோப்பிலேயே கிடத்தி வைக்காதீர்கள், வண்டு அதிலும் முட்டை வைக்கும். இன்னும் நிறைய இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

உச்சிப்புளி விவசாயி:
வாத்தியாரே, அந்த அக்காவிடம் இருப்பது கத்தரித் தொட்டி. தென்னந்தோப்பு இல்லை.

மண்டபம் மாடித்தோட்டம்:
சாயல்குடி தம்பி கேட்டதற்கு: சுண்டுவிரலில் பாதிதான் இருந்தது. அதனால் நேற்றுத் தொட்டிகளைக் கொட்டினேன். பதினாலு புழு. பத்து சின்னது, நாலு கட்டைவிரல் தடிமன், ஆக நீங்கள் இருவருமே ஜெயித்தீர்கள். பக்கத்து வீட்டுக் கோழி பெரிசைத்தான் முதலில் எடுத்தது. கொட்டாதது ஒன்றே ஒன்று, தங்கச்சிமடத்திலிருந்து நாற்று வாங்கி வைத்த மல்லிகை. இப்போதுதான் மொட்டு விடுகிறது, கை வரவில்லை. தினமும் காலையில் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கிறேன். இன்றைக்குக் கொஞ்சம் ஆடின மாதிரி இருந்தது.